பின்னால் 245 போடலாமா?

போன மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டயரைப் பற்றித்தான். ஒருவர் அகலமாகப் போடலாமா என்கிறார், ஒருவர் குறுகலாகப் போடலாமா என்கிறார், இன்னொருவர் நாலையும் ஒரே அளவாக்கலாமா என்கிறார். கோவையில் இருபத்தெட்டு வருடம் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்தியவன் நான். பெரிய டயர் மாட்டிக்கொண்டு முகம் மலர வந்தவர்கள் இரண்டு மாதம் கழித்து, "ஸ்டியரிங் ஒரு மாதிரி இழுக்குதுங்க" என்று திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை டயர் மட்டும்.

*

கேள்வி: ஐயா, என்னிடம் 2014 மாடல் டொயோட்டா 86 இருக்கிறது. கம்பெனியில் வந்த 215/45 ஆர்17 டயர். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போவேன். வளைவில் வேகமாக நுழைந்தால் முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. நண்பர்கள் 18 இஞ்ச் ரிம் வாங்கி, முன்னால் 225/40, பின்னால் 245/40 போடச் சொல்கிறார்கள். கார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். போடலாமா?
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. முன்பக்கம் பசியில் கத்துகிறது, நீங்கள் பின்பக்கத்துக்குச் சோறு போடப் போகிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது சைடுவாலின், அதாவது டயரின் பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் 45 சதவீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், இஞ்ச் கணக்கில். 215-இல் 45 சதவீதம் 96.75. மேலும் கீழும் இரண்டு சைடுவால், ஆக 193.5. ரிம் 17 இஞ்ச் என்றால் 431.8. மொத்த உயரம் 625 மி.மீ. இப்போது நண்பர்கள் சொன்னதைப் போட்டுப் பாருங்கள். 225/40 ஆர்18 என்றால் 637. 245/40 ஆர்18 என்றால் 653. பின் டயர் 28 மி.மீ. வளர்ந்துவிட்டது, கிட்டத்தட்ட நாலரை சதவீதம்.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் காரின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, அதாவது பின் வீல் ஒரு சுற்றுச் சுற்ற அதை இழுக்கும் தண்டு 4.1 சுற்று சுற்றுகிறது. டயர் நாலரை சதவீதம் உயர்ந்தால் அது ஏறக்குறைய 3.92 போல வேலை செய்யும். 200 குதிரைச் சக்தி கார் அது. முறுக்கு விசை வெறும் 205 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் இஞ்சின் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும். "டயர் மாத்தினதுல இருந்து பிக்அப் குறைஞ்சிருச்சு" என்று மெக்கானிக்கிடம் போவீர்கள், அவர் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவார்.

அடுத்தது இன்னும் வில்லங்கம். இதுவரை முன்னும் பின்னும் ஒரே உயரம். இனி பின் டயர் முன்னதைவிட 16 மி.மீ. பெரிது. பெரிய டயர் மெதுவாகச் சுற்றும். ஏபிஎஸ்ஸும், கார் வழுக்கும்போது பிடித்து நிறுத்தும் கம்ப்யூட்டரும் நாலு வீலின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. நேர் ரோட்டில் போகும்போதே பின் வீல்கள் எப்போதும் கொஞ்சம் பின்தங்கிச் சுற்றினால், அந்தக் கம்ப்யூட்டருக்குத் தப்பான செய்தி போய்க்கொண்டே இருக்கும். சின்ன வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும்படிதான் செய்திருப்பார்கள். அந்தப் பொறுமையின் எல்லையை நீங்கள் செப்பாங்கில் முழு வேகத்தில் போய்ச் சோதிக்க வேண்டாம்.

சரி, உயரத்தைச் சரிக்கட்டி 245/35 போட்டால்? 629 வரும். உயரப் பிரச்சினை தீரும், தள்ளுகிற பிரச்சினை தீராது. வளைவில் முன் டயரின் பிடிப்பு முதலில் தீர்ந்துபோவதால்தான் முன்பக்கம் வெளியே போகிறது. இதை அண்டர்ஸ்டியர் என்பார்கள். பின்னால் பிடிப்பைக் கூட்டினால் வால் நகரவே நகராது, முன்பக்கம் இன்னும் சீக்கிரமாகத் தோற்கும். நீங்கள் ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவீர்கள், டயரின் வெளி ஓரம் இன்னும் தேயும்.

அந்த வெளி ஓரத் தேய்மானத்தில்தான் விடையும் இருக்கிறது. உங்கள் காரின் முன் சஸ்பென்ஷன் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்தான் வீலைப் பிடித்திருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போது முன் கேம்பர், அதாவது வீலின் சாய்வு, ஏறக்குறைய பூஜ்யம், அதாவது வீல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. வளைவில் கார் சாயும்போது வீலும் சேர்ந்து வெளிப்பக்கம் சாய்கிறது. டயரின் முழு அகலமும் தரையில் பதியாமல் வெளித்தோள் மட்டும் சுமக்கிறது. 215 போட்டிருந்தாலும் நீங்கள் பயன்படுத்துவது அதில் பாதி. 225 வாங்கினால் அதிலும் பாதிதான். ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டு, வீலின் தலைப்பக்கத்தை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் உள்ளே சாய்த்துவிடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு டோவை, அதாவது மேலிருந்து பார்த்தால் இரண்டு வீலும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும். கேம்பரைத் தொட்டால் டோ நகர்ந்துவிடும். இதை மறக்கிற பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. புது ரிம்முக்கு ஆகும் செலவில் இது ஒரு சிறு பங்குதான் வரும்.

இன்னொரு விஷயம். இந்தக் காரைப் பல நாடுகளில் மிஷலின் பிரைமசி ஹெச்பி டயரோடு விற்றார்கள். எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன டொயோட்டா பிரியஸிலும் கிடைத்த டயர்தான் அது. கஞ்சத்தனத்தால் செய்ததல்ல. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவும் அவர் குழுவும் வேண்டுமென்றேதான் மிதமான பிடிப்புள்ள டயரைத் தேர்ந்தெடுத்தார்கள். குறைந்த வேகத்திலேயே கார் லேசாக வழுக்க வேண்டும், ஓட்டுபவர் அதை உணர்ந்து பிடிக்கக் கற்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பிடிப்பு போதவில்லை என்று நீங்கள் நினைத்தால் அளவை அப்படியே வைத்துக்கொண்டு டயரின் ஜாதியை மாற்றுங்கள். அதே 215/45 ஆர்17-இல் நல்ல ஸ்போர்ட்ஸ் ரப்பர் டயர்கள் கிடைக்கின்றன. நாலையும் மாற்றுங்கள். டிராக்கில் வித்தியாசம் முதல் வளைவிலேயே கைக்குத் தெரியும்.

"அகலமானால் தரையில் படும் பரப்பு கூடுமே" என்று நண்பர்கள் வாதாடுவார்கள். அதுவும் பாதி உண்மைதான். காரின் எடை சுமார் 1,240 கிலோ. ஒரு டயர் மீது 310 கிலோ என்று வையுங்கள். காற்று 35 பிஎஸ்ஐ, அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 2.46 கிலோ. எடையை அழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய 126 சதுர செ.மீ., ஒரு உள்ளங்கை அளவு. டயரை அகலமாக்கி, காற்றை அப்படியே விட்டால் அந்தப் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும். முன்பு நீளமாக இருந்த தடம் இப்போது அகலமாக, குட்டையாக ஆகும். அகலத் தடத்தில் ஸ்டியரிங் திருப்பியவுடன் கார் சட்டென்று திரும்பும், அது லாபம். ஆனால் ஸ்டியரிங் தானாக நேராக வரும் குணமும், டயர் வழுக்கப்போகிறது என்று கைக்குச் சொல்லும் அந்த மெல்லிய தளர்ச்சியும் குறையும். சைடுவாலும் குட்டையானால் பிடித்துக்கொண்டே இருந்த டயர் முன்னறிவிப்பு இல்லாமல் விட்டுவிடும். பழைய உயரமான சைடுவால் விடும்போது கெஞ்சிக் கேட்டுவிட்டுத்தான் விடும்.

உங்கள் ஊர் மழையையும் மறக்காதீர்கள். அகல டயருக்கு ஒதுக்கித்தள்ள வேண்டிய தண்ணீர் அதிகம், குறைந்த வேகத்திலேயே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 18 இஞ்ச் ரிம்தான் கண்ணுக்கு நிறைவு என்றால், நாலு பக்கமும் 215/40 ஆர்18 போடுங்கள். 629 மி.மீ. வருகிறது, நாலு மி.மீ.தான் கூடுதல். இதற்கு அடுத்து வந்த ஜிஆர்86-இல் கம்பெனியே கொடுத்த அளவும் இதுதான். ரிம் 5×100 போல்ட் வட்டமாக, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டாக இருக்க வேண்டும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம், பழைய 48 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கட்டும். ஆஃப்செட் குறைந்த ரிம் வாங்கினால் வீல் வெளியே வரும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடுங்கும். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டினால் போக்குவரத்துத் துறைக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். வாங்குவதற்கு முன் புது ரிம்மையும் பழைய ரிம்மையும் தராசில் வைத்துப் பாருங்கள். வீலுக்கு இரண்டு கிலோ ஏறினால்கூட மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் தடுமாறுவது தெரியும்.

*

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னிடம் ஹூண்டாய் ஐ20 என்-லைன். 195/55 ஆர்16. வால்பாறை ரோட்டில் ஓட்ட 17 இஞ்ச் போடலாம் என்று நினைக்கிறேன். 205/50 கிடைக்கிறது.
— ஒரு கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

பதில்: கண்ணு, உன் கார் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை.

205/50 ஆர்17 என்றால் 637 மி.மீ. உன்னுடையது 621. இரண்டரை சதவீதம் ஏறும். 215/45 ஆர்17 என்றால் 625, அது பரவாயில்லை. ஆனால் எனக்கு இந்த ரோட்டில் ஒரு அனுபவம் இருக்கிறது, கேள்.

என் முதல் கார் மாருதி எஸ்டீம். 13 இஞ்ச் வீல். அப்போது எனக்கும் உன் வயதுதான், புத்தியும் அதே அளவுதான். யாரையும் கேட்காமல் 15 இஞ்ச் அலாய் வாங்கி 195/50 மாட்டினேன். உயரம் சரியாகக் கணக்குப் போட்டேன், அதில் பெருமை வேறு. ஆஃப்செட்டைப் பார்க்கவில்லை. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பக்கத்தில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். டயர் உள்ளே மட்கார்டு பிளாஸ்டிக்கில் உரசி அரிசி மில் மாதிரி சத்தம். மேலே போகப் போகக் கை வலித்தது. அந்த வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. இறங்கும்போது ஒரு பள்ளத்தில் முன் இடது ரிம் வளைந்தது. சைடுவால் அவ்வளவு குட்டை, அடியை வாங்கிக்கொள்ள ரப்பரே இல்லை. ஸ்டெப்னியாக இருந்தது பழைய 13 இஞ்ச். அதை மாட்டிக்கொண்டு, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒல்லி என்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்தேன். பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கமாக ஓடியது. அடுத்த வாரமே 13 இஞ்சுக்குத் திரும்பினேன்.

மலை ரோட்டில் உனக்கு வேண்டியது அந்த 55 சைடுவால். அதே அளவில் நல்ல டயர் வாங்கு. மிச்சப் பணத்தில் பிரேக் பேட் மாற்று. அளவை மாற்றித்தான் தீருவேன் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்.

*

கேள்வி: 1991-ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 வாங்கியிருக்கிறேன். முன்னால் 195/60 ஆர்14, பின்னால் 205/60 ஆர்14. இந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது. நாலு பக்கமும் 195/50 ஆர்15 போட்டுவிடலாமா? சுலபமாகக் கிடைக்கிறது, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளவும் வசதி.
— ஒரு வாசகர், லண்டன்

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது. இந்தக் கார் டயர் அளவுக்காகவே பேர்போன கார்.

இஞ்சின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். எடையெல்லாம் நடுவில் குவிந்திருப்பதால் கார் பம்பரம் மாதிரி. திரும்பச் சொன்னால் உடனே திரும்பும், சுற்றத் தொடங்கினாலும் உடனே சுற்றும். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் ஓடும், பின் டயரின் பிடிப்பு குறையும், வால் வீசும். பிடித்துத் திருப்ப நேரம் கிடைக்காது. ஆரம்ப வருடங்களில் இந்தப் புகார் அதிகமாக வந்ததும், ஜப்பானில் 1991 கடைசியில் டொயோட்டா காரைத் திருத்தியது. சஸ்பென்ஷனில் கைவைத்தார்கள், 15 இஞ்ச் வீல் கொடுத்தார்கள். டயரை என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். முன்னால் அதே 195-தான், 195/55 ஆர்15. பின்னால் மட்டும் 205-லிருந்து 225-க்குத் தூக்கினார்கள், 225/50 ஆர்15. முன்னும் பின்னும் இருந்த 10 மி.மீ. இடைவெளியை 30 ஆக்கினார்கள். அதாவது பின்பக்கத்துக்குக் கூடுதல் பிடிப்பு கொடுத்து, காரைக் கொஞ்சம் அண்டர்ஸ்டியர் பக்கம் நகர்த்தினார்கள்.

நீங்கள் கேட்பது அதற்கு நேர் எதிர். அந்த 10 மி.மீ.யையும் பூஜ்யமாக்கப் போகிறீர்கள். மேலும் 195/50 ஆர்15-இன் உயரம் 576. உங்கள் பின் டயர் இப்போது 602. நாலு சதவீதத்துக்கு மேல் குறைகிறது, பின் பாகம் தாழ்கிறது, சைடுவாலுக்குப் பாரம் தாங்கும் வலு போதுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

டொயோட்டாவே பிற்பாடு கொடுத்த அந்த 15 இஞ்ச் ஜோடியைத் தேடுங்கள், முன் பின் ரிம்மும் அதற்கேற்ற அகலத்தில் இருக்கட்டும். மாற்றி மாற்றிப் போட முடியாதுதான். பின் டயர் சீக்கிரம் தேயும்தான். இந்தக் கார் வாங்கியவர் கட்ட வேண்டிய வரி அது. உங்கள் ஊரில் அளவு மாற்றத்தை இன்சூரன்ஸுக்குத் தெரிவிக்கவும் மறக்காதீர்கள்.

சிங்கப்பூர்த் தம்பிக்குப் பின்னால் அகலம் வேண்டாம் என்றேன், இவருக்கு வேண்டும் என்கிறேனே என்று யாராவது கேட்பீர்கள். அவருடையது முன்பக்கம் தள்ளுகிற கார், இவருடையது வால் வீசுகிற கார். ஹோண்டா எஸ்2000-ஐயும் பாருங்கள். 1999-இல் 205, 225 என்று வந்தது, வாலை வீசுவதில் கொஞ்சம் தாராளமான கார். 2004 மாடலில் 17 இஞ்சுக்குப் போய் 215, 245 ஆனது. முன்னால் 10 கூட்டினார்கள், பின்னால் 20.

*

கேள்வி: ஐயா, நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இப்ப ரொறன்ரோவில் இருக்கிறன். மாஸ்டா எம்எக்ஸ்-5, 205/45 ஆர்17 ரயர். பனிக்காலத்துக்கு 16 இஞ்ச் சில்லு வாங்கினால் கார் ஓடுற விதம் கெட்டுப்போகுமோ?
— ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: சில்லு என்ற சொல்லைப் படித்து மனம் நிறைந்தது அம்மா. எங்கள் ஊரில் சக்கரம் என்பதையே மறந்து எல்லாம் வீல் ஆகிவிட்டது.

கெட்டுப்போகாது, தாராளமாக வாங்குங்கள். 195/50 ஆர்16 இந்தக் காரின் சிறிய இஞ்சின் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவு. உயரம் 601, உங்களுடையது 616. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அபராதச் சீட்டு வராத பக்கத்துத் தவறு. பனியில் ஒல்லி டயர் நல்லது. அதே எடை சிறு அகலத்தில் அழுத்துவதால் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும். ஸ்டியரிங் கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம். பெரிய முன் பிரேக் வைத்த மாடலாக இருந்தால் 16 இஞ்ச் ரிம் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் முட்டலாம், மாட்டி ஒரு சுற்றுக் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அப்புறம், பின்சக்கரம் இழுக்கும் கார்தானே என்று பின்னால் இரண்டு மட்டும் பனி டயர் போடாதீர்கள். பின்னால் பிடிக்கும், முன்னால் பிடிக்காது. சந்தியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகும்.

*

கேள்வி: ஃபார்முலா 1 கார்களே 2022-இல் 13 இஞ்சிலிருந்து 18 இஞ்சுக்கு மாறின. அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தெரியாதுங்க. ஆனால் அவர்கள் ரிம்மை மட்டும் மாற்றவில்லை, அந்த வருடம் காரையே புதிதாகச் செய்தார்கள். பழைய உயரமான சைடுவால் பாதி சஸ்பென்ஷன் வேலையைப் பார்த்தது. அது போனதும் சஸ்பென்ஷனை அடியிலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது. 2026-இலோ டயரை ஒல்லியாக்கிவிட்டார்கள், முன்னால் 25 மி.மீ., பின்னால் 30 மி.மீ. குறைவு.

*

கேள்வி: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். ஒரு டயர் ஆணி ஏறிக் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. அதே அளவில் ஒன்று மட்டும் புதிதாகப் போடலாமா?
— ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: கூடாது. நாலு வீலும் இழுக்கும் கார் அது. நாலு டயரின் சுற்றளவும் கால் இஞ்சுக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று சுபாருவே சொல்கிறது. அதாவது பட்டன் ஆழத்தில், டயரின் மேல் கட்டைகளின் உயரத்தில், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். உங்களுடையதில் மூன்று மில்லிமீட்டராவது இருக்கும். முன் வீல்களுக்கும் பின் வீல்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் நேர் ரோட்டில்கூட ஓயாமல் வேலை செய்து சூடேறும். அதே மாடலில், அதே அளவு தேய்ந்த பழைய டயர் ஒன்று கிடைக்கிறதா என்று முதலில் டயர் கடைகளில் கேளுங்கள். பட்டன் ஆழத்தை அளக்கும் கேஜை நீங்களே கையில் கொண்டு போங்கள், கடைக்காரர் கண்ணளவில் சொல்வதை நம்ப வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் நாலும் புதிதுதான்.